யன்னலைச் சாத்திய மூன்று நாள்

அன்புள்ள மகளுக்கு,

உன் புருஷனைப் பற்றி நேற்று நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். "அவர மாங்கேணிக்கே போகச் சொல்லுங்கம்மா. வீடு என்ர பேரிலதானே இரிக்கு. எனக்கு அவரோட கதைக்க ஏலா, நீங்களே சொல்லிடுங்க" என்கிறாய். நான் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை. ஏன் என்று போனில் சொன்னால் நீ பாதியில் வெட்டிவிடுவாய், இல்லாவிட்டால் நானே பாதியை விழுங்கிவிடுவேன். கேடெல்லாம் போனில் நடந்ததுதான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கண்ணாடி மாற்ற வேண்டும்.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே. உனக்குக் கல்யாணம் பேசி முடிந்ததும் இந்தக் கல்வீட்டை உன் பெயரில் எழுதிவிட்டு, வளவுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைக்கு நான் மாறினேன். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் மருமகன் உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார் என்று பார்த்தால், கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் அவருடைய ஊரான மாங்கேணியில் இருந்து ஒரு சின்னப் பட்டா லொறியில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. பின்னால் பீப்பாய் பீப்பாயாகக் கடல் தண்ணீர். அதற்குள் பவளம் என்று நீங்கள் சொல்கிற முருகைக்கல், அதில் பூப் போல விரிகிற என்னென்னவோ, செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன். நான் சிறுபெண்ணாக இருந்த காலத்தில் முருகைக்கல்லைச் சூளையில் போட்டு எரித்துச் சுண்ணாம்பாக்கிச் சுவருக்கு அடித்தார்கள். இவர் அதற்கு ஃபேன் போடுகிறார். மனைவி வீட்டுக்கு வருகிற மனிதன் கடலைக் கட்டிக்கொண்டு ஏன் வருகிறான் என்று அன்றைக்கே எனக்கு ஒரு யோசனை விழுந்தது. கடலில் பிடுங்கினதென்றால் பொலிஸ் வரும் என்று உன்னிடம் முணுமுணுத்தேன். தொட்டியிலேயே வளர்த்து வெட்டி விற்கிறவர்களிடம் வாங்கியது என்று நீ வந்து சொன்னாய், வாங்கிய பில் துண்டையும் காட்டினாய். துண்டு யாரும் எழுதலாம் என்றேன். நீ சிரித்துக்கொண்டு போனாய்.

என் புத்தி உனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் பெண்பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவள். நூறு பெட்டிக்குள் ஒன்று பூட்டியிருந்தால் அந்த ஒன்றுதான் என் கண்ணில் படும். உன் பள்ளிக்கூடப் பையை நீ ஓ.எல். சோதனை எழுதும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது எனக்கு நிம்மதி தரவில்லை, நீ கெட்டிக்காரி என்றுதான் நினைக்க வைத்தது. உன் அப்பா உயிரோடு இருந்தபோது சொல்வார், "இவள் கோயில்ல தந்த திருநீறையும் மணந்து பார்த்துத்தான் பூசுவாள்" என்று. அவர் சொன்னது பகிடிக்கு. முழுக்கப் பகிடியுமில்லை.

நீ பங்குனியில் மாலைதீவு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாய். நீ இருக்கும் வரை எனக்கும் உன் புருஷனுக்கும் நடுவில் கதை எல்லாம் உன் வழியாகத்தான் போய் வந்தது. மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் நின்று கதைப்பது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. நீ போன பிறகு நான் கோழியைப் பார்த்து "சோறு மேசையில மூடி இரிக்கு" என்பேன். அவர் வேப்ப மரத்தைப் பார்த்து "மாமி சாப்பிட்டாவா" என்று கேட்பார். மிச்சத்தை இரண்டு பேரும் உன்னிடம் போனில் சொல்லி, நீ அங்கிருந்து இங்கே திருப்பிச் சொல்லுவாய். பத்தடி தள்ளி இருக்கிறவருக்குச் சொல்ல வேண்டியது கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அதில் ஒரு பிழையும் எனக்கு அப்போது தெரியவில்லை.

சித்திரை பிறந்து வெக்கை ஏறத் தொடங்கியதும் அவருடைய போக்கு மாறியது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட வேலைக்குக் காலையில் போகிற மனிதன், பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பி வருவார். சாப்பிட மாட்டார். தொட்டி இருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். கால் மணித்தியாலத்தில் மறுபடி போய்விடுவார். பகல் முழுக்க அந்த அறைக்குத் திரை இழுத்து இருட்டு. விளக்கு வைத்த பிறகுதான் திரைக்குப் பின்னால் நீல வெளிச்சம் வரும். உன் பிரிட்ஜின் உறைகிற தட்டில் மீன் வைக்க இடமில்லை, முழுக்கத் தண்ணீர்ப் போத்தல், கல்லாக உறைந்து. ஏறாவூரில் பிரிட்ஜ் திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவர் ஒருநாள் வந்து தொட்டியைச் சுற்றி அளந்து பார்த்துவிட்டுப் போனார். வாசல் படலையில் அவரை மறித்து என்ன அளந்தீர்கள் என்று கேட்டேன். தண்ணீரைக் குளிராக்குகிற மெசின் ஒன்று உங்கள் மருமகன் கேட்டார், அது குளிரை உள்ளே விட்டுச் சூட்டை அறைக்குள் கக்கும், கரண்டும் தின்னும் என்று சொன்னதும் மருமகன் வேண்டாம், ஃபேனே போதும் என்று விட்டுவிட்டார் என்றார். நேராகத்தான் சொன்னார். நான் அதையும் நம்பவில்லை. வீட்டை அளந்து விற்கப் போகிறார்களோ என்று அன்று பின்னேரம் முழுக்க யோசித்தேன்.

அப்போதுதான் உனக்குப் போன் எடுத்தேன். நான் சொன்ன சொற்கள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கின்றன. "பன்னெண்டு மணிக்கு வாறார் மகள். உள்ளுக்குப் போய்க் கதவச் சாத்துறார். கொஞ்ச நேரத்தில போறார். நான் ஒண்டும் சொல்லல்ல." ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் சொன்னேன். முழுப் பொய்யை நீ பிடித்திருப்பாய். மகள், நான் உனக்குத் தந்தது பாதி உண்மை. மற்றப் பாதியை அங்கே தனியாக இருந்து நீயே போட்டு நிரப்பினாய். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நான் ஒரு மாதம் உன் காதில் ஊர்ந்தேன்.

இனிச் சொல்வது உனக்குத் தெரியாது. வீட்டை எழுதித் தந்தபோது பூட்டுகளின் எல்லாத் திறப்பையும் உன் கையில் தந்தேன் என்று நினைத்திருப்பாய். ஒன்றை வைத்துக்கொண்டேன். அவர் வேலைக்குப் போன பிறகு அந்தத் திறப்பால் உள்ளே போய்ப் பார்த்தேன். தொட்டிக்கு மேலே இரண்டு சின்ன ஃபேன் தண்ணீரின் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. வேறொன்றுமில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். கண்ணாடியின் பின்பக்கத்தில் தண்ணீர் மட்டத்துக்கு நேரே பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நின்றது. அடுத்த நாள் காலையில் பழையபடி கோட்டில். பின்னேரம் மறுபடி ஒரு விரற்கடை குறைவு. பகலில் தண்ணீர் எங்கோ போகிறது, இரவில் வருகிறது. பன்னிரண்டு மணிக்கு வந்து இந்த மனிதன் எதையோ அள்ளிக்கொண்டு போகிறார், மீன் குஞ்சோ என்னவோ, யாருக்கோ கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். கடல் தண்ணீரை யாரம்மா களவெடுப்பார்கள் என்று கேட்காதே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. அந்தக் கிழமைதான் அவருடைய அப்பாவை நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருமகன் விடியவே மாங்கேணிக்குப் போய்விட்டார். போகும்போது வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார், ஏதோ சொல்ல வந்தவர் போல. நான் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. "அவ சொல்லுவா" என்று மரத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார். நீ சொல்லவில்லை. ஒரு கிழமையாக அவருடைய பதிவுகளைத் திறக்காமல் விட்டிருந்தாய். உன் கோபத்துக்கு விறகு போட்டவள் நான், உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று பகல் திறப்பை எடுத்துக்கொண்டு போனேன். மேற்கு யன்னல் இரண்டும் விரியத் திறந்திருந்தன. கச்சான் காற்று நெல்லு வெட்டின வயல் வட்டையின் தூசு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. கச்சானுக்கு மேற்கு யன்னலைத் திறந்து வைப்பாரை இந்த ஊரில் நீ கண்டிருக்கிறாயா? ஒன்பது மணிக்கே அடைத்துவிட்டுப் பொழுதுபட்டுத்தான் திறப்போம். உன் அலுமாரியில் விரலால் பெயர் எழுதலாம் போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே. மருமகன் மாங்கேணியில், தண்ணீர் குறைகிறது! அப்போது திறந்த யன்னலால் வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மனிதன் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்த கையோடு ஊரின் மேல் சந்தேகம் பிடித்தேன். வீட்டு யன்னல் எல்லாவற்றையும் சாத்திக் கொளுக்கி போட்டுப் பூட்டிவிட்டு வந்தேன். ஃபேன் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன், அது யாருக்கும் இடைஞ்சல் இல்லையே.

அடுத்த நாள் போனேன். தண்ணீர் விட்ட இடத்திலேயே நின்றது. எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை. உனக்குப் போன் எடுத்து, "இண்டைக்கு ஒரு சொட்டும் குறையல்ல மகள். யன்னலால ஆரோ வாறது உண்மை" என்றேன். மூன்றாம் நாளும் அப்படித்தான். அறைக்குள் ஈரச் சீலையை முகத்தில் போட்டது போலப் புழுங்கியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டியில் முப்பத்திரண்டு என்று இலக்கம் நின்றது, அது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. பூப் போல விரிகிறதெல்லாம் சுருங்கி, கல் நன்றாக வெளுத்திருந்தது. அழுக்குப் போய்த் துப்புரவாகிவிட்டது என்று நினைத்தேன். சுண்ணாம்பு பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வெள்ளை என்றால் சுத்தம்.

நாலாம் நாள் காலையில் அவர் வந்தார். அப்பாவுக்குச் சுகம் என்று மரத்துக்குச் சொன்னார். வீட்டைத் திறந்தார். நேரே தொட்டி அறைக்குள் போனார். நான் போய் வாசலில் நின்றேன். மனிதன் யன்னல் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார். ஒரு மீன் மேலே மிதந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்தபடி கேட்டார்.

"யன்னல அடைக்க வேணாமெண்டு சொல்லச் சொன்னனே. அவ சொல்லல்லையா மாமி?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். தண்ணீர் குறைந்தது, களவு போகிறது என்று நினைத்தேன் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் பேனைக் கோட்டைத் தேடிக் கண்டார். கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை.

"தண்ணி குறையிறதுதான் மாமி குளிர்ச்சி," என்றார்.

மண்பானையில் தண்ணீர் வைத்துக் குடித்து வளர்ந்தவள் நான். பானை வெளியே ஊறிக் காய்ந்தால்தான் உள்ளே குளிரும், பெயின்ற் அடித்த பானை குளிராது என்று கடைக்காரனோடு சண்டை பிடித்திருக்கிறேன். தொட்டியும் அதுதான். ஃபேன் தண்ணீரின் முகத்தை ஊத, நீர் ஆவியாகிப் போக, சூட்டையும் கொண்டு போகும். காற்று வறண்டிருந்தால்தான் அது போகும். கச்சானைப் போல வறண்ட காற்று வேறெது? ஊரெல்லாம் திட்டுகிற அந்தக் காற்றுக்காகத்தான் இவர் யன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். நான் அடைத்ததும் ஆவி போக இடமில்லாமல் அறைக்குள்ளேயே நின்றது. தண்ணீர் குறையாமல் நின்றது, கொதித்தது. கள்ளனைப் பிடித்தேன் என்று நான் உனக்குப் பெருமையடித்த அந்த நேரம் அது வெந்துகொண்டிருந்தது.

விடுதியில் ஒரு பிள்ளை இருந்தாள், உனக்குச் சொன்னதில்லை. அவளுடைய கட்டிலுக்கு மேலுள்ள யன்னல் ஒவ்வொரு விடியலிலும் திறந்திருக்கும். வெளியே போய் வருகிறாள் என்று நான் அதற்கு ஆணி அடிப்பித்தேன். அவளுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு நோய், காற்றில்லாமல் படுக்க முடியாது. சொல்ல வந்திருக்கிறாள், நான் முகம் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் இழுப்பு வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். தப்பிவிட்டாள், ஆனால் விடுதிக்குத் திரும்பி வரவில்லை. பெட்டியை எடுக்க வந்த அவளுடைய தாயிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது அந்த ஆணிச் சத்தம் கேட்டது.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். அன்று பின்னேரம் விறாந்தையில் நின்று அவர் உன்னோடு கதைத்தது என் காதில் விழுந்தது. தொட்டி ஏன் இப்படிப் போனது என்று நீ கேட்டிருப்பாய். "ரெண்டு நாளாக் கரண்ட் இல்ல. அதால போயிட்டு" என்றார். அந்த இரண்டு நாளும் நான் ரீவியில் நாடகம் ஓட ஓட உன்னோடு கதைத்தவள். அது உனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "பாத்தீங்களா, பொய் சொல்றார். நீங்க சொன்னதெல்லாம் சரிதானம்மா" என்று எனக்கு எழுதினாய். ஓம் மகள், அவர் பொய்தான் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் உனக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கச் சொன்னார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். நீ எனக்கு எழுதிய பிறகும் ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன். யன்னலைச் சாத்தியது தெரியாமல் செய்தது. இந்த ஒன்பது நாளும் தெரிந்து செய்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரை நல்லவர் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. கல்லுக்கு ஃபேன் போடுகிற மனிதன் மேல் எனக்கு இன்னும் ஒரு சின்ன யோசனை உண்டு. அவரோடு வாழ்வதும் விடுவதும் உன் பாடு, வீடும் உன்னுடையது. ஆனால் என் வாயை நம்பி முடிவெடுக்காதே. அவர் மாங்கேணிக்குப் போன நாள் உனக்கு அனுப்பிய பதிவுகள் உன் போனில் இன்னும் இருக்கும். அவற்றை இப்போது திறந்து கேள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யன்னலைப் பற்றி இருக்கும். வேறு ஏதும் இருந்தால் அது உனக்கு.

இங்கே நிலைமை இதுதான். ஐந்து முருகைக்கல்லில் இரண்டு வெளுத்துச் செத்துச் சுண்ணாம்பாகிவிட்டன, இனி வராது. மூன்றில் ஓரங்களில் கபில நிறம் திரும்புகிறது, அது நல்ல அறிகுறியாம். மிஞ்சின மீன் உயிரோடு இருக்கிறது, என்னைக் கண்டால் கல்லுக்குப் பின்னால் போய்விடுகிறது, அதுவும் என்னை நம்பவில்லை. சின்னப் பெட்டியில் சூட்டு இலக்கம் முப்பதைத் தொட்டால் உறைந்த போத்தலை மூடியோடு மிதக்க விட வேண்டும், பன்னிரண்டு மணிக்கு அவர் ஓடி வந்தது அதற்குத்தான், ஐஸ்கட்டியை உள்ளே கொட்டக் கூடாது, உப்பு நீர்த்துவிடும். ஒரேயடியாகக் குளிர வைக்கவும் கூடாது. குறைந்ததை இரவில் உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், ஆவியோடு உப்புப் போகாதல்லவா. சூடு கூடாமல் இருக்கத்தான் வெளிச்சத்தைப் பொழுதுபட்ட பிறகு போடுகிறார். இதெல்லாம் மரத்துக்குச் சொல்லப்பட்டு எனக்கு வந்து சேர்ந்தவை. நீ வந்தால் வீடு முழுக்கத் தூசாக இருக்கும், சத்தம் போடாதே.

இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்ப எனக்குத் தெரியாது. இந்த வளவில் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வாசிப்பார். திறப்பு, கோடு, போனில் சொன்னது எல்லாம் வாசிப்பார். வாசித்துவிட்டு அனுப்பாமல் விட்டால் என்ன செய்வது என்று நினைத்து, உன் அம்மா இதற்கு ஒரு பிரதி எழுதி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். இவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி அப்படித்தான் போகிறது. சற்று முன் போய் அதையும் எடுத்து வந்துவிட்டேன். இதோ இரண்டும் மடியில் இருக்கின்றன, மேலே அந்தத் திறப்பு.

பன்னிரண்டு மணியாகிறது. படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. கோழியைத் துரத்திவிட்டேன். மூன்றையும் அவர் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்து, மருமகன் என்று கூப்பிடப் போகிறேன்.

அம்மா